கற்பூரம் இல்லாத வீடு

பஷீரா: செருப்பைக் கழட்டுலா மோகனா. ஓட்டு கேக்க வந்தவ மாதிரி வாசல்லயே நிக்கிற.

மோகனா: இல்லக்கா... உங்க அலமாரி ஏன் ரம்புத்தான் மரத்தடியில நிக்குது? வீடு மாறப் போறீங்களா?

பஷீரா: இந்தத் தங்கா பத்து ஊரை விட்டுட்டு நாங்க எங்க போறது? கரையான். அதான் வெளிய தூக்கி வெயில்ல வச்சோம். நீ உள்ள வா, புள்ள தலையில வெயில் அடிக்குது.

மோகனா: கொடி பூரா கைலி... ஹனிபா அண்ணன் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில விக்க வாங்கி வச்ச சரக்கையெல்லாமா துவைச்சிட்டீங்க?

பஷீரா: கரையான்னு சொன்னேன்ல. துவைச்ச கைலியைப் புதுசுன்னு எப்படி விக்கிறதுன்னு அவரு காலையிலேர்ந்து என்னை முறைச்சிக்கிட்டுத் திரியிறாரு. குடு, கவியை இங்க குடு.

மோகனா: தூங்குறான்க்கா. கை மாத்தினா முழிச்சிடுவான்.

பஷீரா: நாலு மாசமா நீ பேக்டரி வேனைப் பிடிக்க ஓடின பிறகு இவனைத் தூங்க வைக்கிறது யாரு? அவன் எதுக்கு முழிப்பான், எதுக்கு முழிக்க மாட்டான்னு எனக்குத் தெரியாதா?

மோகனா: தெரியும்க்கா... இருக்கட்டும். ஆஸ்பத்திரியில அத்தனை நாளு அவனை ஊசியும் குழாயுமாத்தான் பாத்தேன். கொஞ்ச நேரம் தோள்லயே கிடக்கட்டும்.

பஷீரா: சரி, உக்காரு. பசியாறிட்டுதானே வந்த? எங்க, முகத்தைக் காட்டு... தெளிஞ்சிருக்கு. கண்ணு மஞ்சள் போயிடுச்சா?

மோகனா: ஓரத்துல லேசா இருக்கு. தானா போயிடும்னாங்க.

பஷீரா: ஒண்ணுக்கு?

மோகனா: இப்ப நல்ல கலரு. வெறும் சீனத் தேத்தண்ணி மாதிரி.

பஷீரா: அல்ஹம்துலில்லாஹ். அன்னைக்கு நாப்கினை அவுத்துப் பாக்குறேன், கோப்பி ஓ மாதிரி கறுப்பா இருக்கு. எங்க அஃப்னான்தான் கோப்பியைக் கவுத்துட்டான்னு அவன் முதுகுல ரெண்டு வச்சிட்டேன். பாவம், அவன் 'நான் இல்லம்மா, நான் இல்லம்மா'ன்னு அழுவுறான். அப்புறம் மோந்து பாத்தாத்தான் தெரியுது கோப்பி இல்லைன்னு.

மோகனா: நீங்க உடனே வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினதாலதான் புள்ள இப்ப தோள்ல கிடக்குறான். டாக்டரே சொன்னாரு, ஒரு ராத்திரி விட்டிருந்தா கஷ்டம்னு.

பஷீரா: அதெல்லாம் சொல்லாத. அது என்ன உள்ளங்கையில, துணி சுத்தியிருக்க?

மோகனா: கஞ்சி வடிக்கிறப்ப கொட்டிடுச்சு.

பஷீரா: உள்ளங்கையிலயா? கஞ்சியைக் கையில ஏந்திக் குடிச்சியா?

மோகனா: அட, விடுங்கக்கா.

பஷீரா: விட்டாச்சு. ஸுஹா... மோகனாக்கா வந்திருக்காங்க, தேத்தண்ணி கலக்கு. சீனி கம்மியா... சொல்லு, நாளைக்கு வேலைக்குப் போறியா?

மோகனா: காலை ஷிப்டு. இதுக்கு மேல லீவு கேட்டா வீட்டுலயே இருந்துக்கன்னு சொல்லிடுவான் சூப்பர்வைசர்.

பஷீரா: அப்ப வழக்கம் போல கொண்டு வந்து விடு. அதைக் கேக்கவா இந்த வெயில்ல வந்த?

மோகனா: அதுக்கில்லக்கா... ஒரு சின்ன விஷயம். இந்தப் பையில என் சீலை ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். இனிமே இதுலயே தொட்டில் கட்டுங்களேன்.

பஷீரா: ஏன், கைலி வியாபாரி வீட்டுல துணிக்குப் பஞ்சமா?

மோகனா: சீச்சீ. இது... வேண்டுதல்.

பஷீரா: வேண்டுதலா? என்னன்னு?

மோகனா: மாரியம்மனுக்கு. புள்ள நல்லபடியா வீடு வந்தா, அம்மா சீலையில மட்டும்தான் தூங்க வைப்பேன்னு.

பஷீரா: எத்தனை நாளைக்கு?

மோகனா: அது... பெரியவனாகுற வரைக்கும்.

பஷீரா: கல்யாணம் வரைக்கும்னு வேண்டாம விட்டியே. சரி, கட்டுறேன். வேற?

மோகனா: தலகாணியும் நானே கொண்டு வந்துடுறேன்.

பஷீரா: அதுவும் மாரியம்மனா?

மோகனா: இல்ல... அது முருகனுக்கு.

பஷீரா: ஓஹோ. துடைக்கிற துண்டு?

மோகனா: அதையும் சேர்த்துதான் முருகன்கிட்ட சொன்னேன்.

பஷீரா: நல்ல வேளை. இல்லைன்னா இன்னொரு சாமியைத் தேடணும். இன்னும் இருக்கா?

மோகனா: ஒண்ணே ஒண்ணு. அந்த உள் ரூம்ல, அலமாரி இருக்கே... அங்க படுக்க வைக்க வேணாம். ஹால்லயே தொட்டில் போடலாமா?

பஷீரா: அதுக்கு எந்த சாமி?

மோகனா: சாமி இல்லக்கா, காத்து. காத்தோட்டமா இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு.

பஷீரா: டாக்டர் வேற என்னென்ன சொன்னாரு?

மோகனா: வேற என்ன... ரத்தம்தான். பொறந்த அன்னைக்கே சொன்ன அதே ஜி சிக்ஸ் பீ டி.

பஷீரா: அது எனக்கும் தெரியும். அது பாட்டுக்குப் படுத்துக் கிடந்தது. எது எழுப்பி விட்டுச்சுன்னு கேக்குறேன்.

மோகனா: காய்ச்சல் மருந்து.

பஷீரா: காய்ச்சலே வரலையே. பகல் பூரா என்கிட்டதானே இருந்தான். நீ ஏதும் மருந்து குடுத்தியா?

மோகனா: நானும் குடுக்கலை.

பஷீரா: நீயும் குடுக்கலை, நானும் குடுக்கலை. புள்ளயே நடந்து போயி கிளினிக்குல வாங்கிச் சாப்பிட்டானாக்கும்.

மோகனா: சிரிக்காதீங்கக்கா... அது, பயிறு ஏதும் தின்னிருப்பான்னாங்க. பெரிய மொச்சை மாதிரி இருக்குமே, வறுத்து பாக்கெட்டுல விப்பாங்க.

பஷீரா: இவனுக்கு மேல ரெண்டு பல்லு, கீழ ரெண்டு பல்லு. வறுத்த மொச்சையைக் கடிச்சானா? சரி, ரத்தத்துக்கு என்ன ஆகுதாம்? அதையாவது ஒழுங்கா சொல்லு.

மோகனா: டாக்டர் இரும்பை வச்சுத்தான் சொன்னாரு. ரத்தமும் அப்படித்தானாம், எப்பவும் துருப் பிடிக்கப் பாக்குமாம். நமக்கெல்லாம் துரு ஏறாம உள்ளுக்குள்ளயே ஒரு பாதுகாப்பு இருக்கு. இவனுக்கு அது ரொம்பக் குறைச்சல். சும்மா இருந்தா மத்த புள்ளைங்க மாதிரிதான், ஓடலாம், விளையாடலாம். ஆனா ஆகாத மருந்து, ஆகாத பயிறு, ஆகாத வாசம் உள்ள போச்சுன்னா மடமடன்னு துரு ஏறி ரத்தம் உடைஞ்சிடும். அந்த உடைஞ்ச ரத்தம்தான் ஒண்ணுக்குல கறுப்பாப் போனது.

பஷீரா: ஆகாத வாசமா?

மோகனா: வாசம்னா சொன்னேன்? இல்ல... மருந்து, பயிறு.

பஷீரா: வாசம்னுதான் சொன்ன.

மோகனா: வாய் தவறி வந்திருக்கும். அது என் வழியா வந்ததாம்க்கா. அம்மாகிட்ட ஒண்ணும் தெரியாம கிடக்குமாம், மகன்கிட்ட வேலையைக் காட்டுமாம். எங்க அண்ணிக்கு அது போதாதா?

பஷீரா: பவானேஸ்வரி என்ன சொல்லுது?

மோகனா: 'எங்க தம்பி வம்சத்துல இதெல்லாம் கேள்விப்பட்டதே இல்ல, எங்கேர்ந்து வாங்கிட்டு வந்த'ன்னு. நான் என்னமோ கடைக்குப் போயி எடுத்துட்டு வந்த மாதிரி.

பஷீரா: நாத்தனார்னா அப்படித்தான். நான் எங்க வீட்டுக்காரர் தங்கச்சிங்ககிட்ட படாத பாடா? சரி, பேச்சை மாத்தாத. இவனுக்குக் கற்பூரம்தானே ஆகாதுன்னு முன்னாடி சொன்ன?

மோகனா: ...ஆமா.

பஷீரா: முதநாள் வந்து என் வீட்டைப் போலீஸ்காரி மாதிரி சுத்திப் பாத்தியே, மறந்துட்டியா? 'அக்கா, நீங்க கற்பூரம் கொளுத்துவீங்களா'ன்னு கேட்ட. நாங்க முஸ்லிம்லா, சந்தனத்திரி கூட எப்பவாவதுதான்னேன். உன் முகம் அப்படியே மலர்ந்து போச்சு.

மோகனா: எப்படி மலராம இருக்கும்? பக்கத்து வீட்டு ஜெயமணி அக்கா பாத்துக்கிறேன்னாங்க, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு கொளுத்துவாங்க. மீனம்மா வீட்டுல வெள்ளி செவ்வாய். ஒவ்வொரு வீடாப் போயி மோந்து பாத்துட்டு வந்தேன். உங்க வீட்டுலதான் அந்தப் பேச்சே இல்ல. அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்.

பஷீரா: சேகரன் தம்பி தைப்பூசத்துல ஓடின கதை ஒண்ணு சொன்னியே...

மோகனா: ஐயோ, அது. ஐயர் தீபாராதனைத் தட்டைத் தூக்கிட்டு நேரா எங்ககிட்ட வர்றாரு. இவரு புள்ளையைத் தூக்கிட்டு ஒரே ஓட்டம். கோயில் வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, செண்டோல் கடைகிட்டப் போயித்தான் நின்னாரு. ஐயர் என்னப் பாத்து, 'உங்க வீட்டுக்காரர் மதம் மாறிட்டாரா'ன்னு கேக்குறாரு.

பஷீரா: அவ்வளவு பாத்துப் பாத்து வளத்த புள்ளைக்கு... ம்.

மோகனா: ம்.

பஷீரா: மோகனா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. உங்க அண்ணி கவியை மெர்லிமாவுக்கு, அது வீட்டுக்கே கொண்டு போறேன்னு நிக்குதாமே?

மோகனா: யாரு சொன்னா?

பஷீரா: சேகரன் தம்பிதான் எங்க வீட்டுக்காரர்கிட்ட புலம்பியிருக்கு. 'ஊரார் வீட்டுல விட்டுத்தான் புள்ளைக்கு இப்படி, நான் வளக்குறேன், நீங்க ஞாயித்துக்கிழமை மோட்டார்ல வந்து பாத்துட்டுப் போங்க'ன்னுச்சாம்.

மோகனா: சொன்னாங்க.

பஷீரா: அனுப்பிடேன்.

மோகனா: என்னக்கா சொல்றீங்க?

பஷீரா: என் முகத்துக்காகப் பாக்காத. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். அத்தைக்காரிதானே, கண்ணுல வச்சுப் பாத்துக்கும்.

மோகனா: நீங்க நெனைக்க மாட்டீங்க. நான்? இப்பத்தான் வாயத் தொறந்து 'மா'ங்கிறான். உங்களையும் 'மா'ங்கிறான், என்னையும் 'மா'ங்கிறான். பங்கு போட்டாலும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தா என் பங்கு எனக்குக் கிடைக்குது. மெர்லிமாவ் போயிட்டா வாரத்துக்கு ஒரு நாளு வர்ற விருந்தாளிதானே நான்? அழுதுகிட்டே அண்ணி பின்னால போயி ஒளிஞ்சிக்குவான்.

பஷீரா: அப்ப அண்ணிக்கு என்ன பதில் சொன்ன?

மோகனா: அது ஒரு மாதிரியா முடிஞ்சு போச்சு.

பஷீரா: எப்படி முடிஞ்சுச்சு? அது லேசுல விடுற ஆளு இல்லையே.

மோகனா: முடிஞ்சிடுச்சுக்கா. விடுங்க.

ஸுஹா: ம்மா, தேத்தண்ணி. மோகனாக்கா, கவி குண்டாயிட்டான். அது என்னக்கா கையில?

மோகனா: அயர்ன் பெட்டி சுட்டுடுச்சுமா.

பஷீரா: கஞ்சின்ன?

மோகனா: ...கஞ்சி வடிச்சிக்கிட்டே அயர்ன் பண்ணினேன்.

ஸுஹா: ம்மா, அந்த டின்னைக் குப்பை லாரிக்காரன்கிட்டயே குடுத்துட்டேன். மூடியை டேப்பு போட்டு ஒட்டித்தான் குடுத்தேன். உருண்டை எல்லாம் எண்ணிப்—

பஷீரா: ஸுஹா, உள்ள அடுப்புல என்ன கருகுது பாரு.

ஸுஹா: அடுப்பே பத்த வைக்கலையே.

பஷீரா: அப்ப போயிப் பத்த வை.

மோகனா: என்ன உருண்டைக்கா?

பஷீரா: அரிசி உருண்டை. பூசணம் பிடிச்சுப் போச்சு.

மோகனா: பூசணம் பிடிச்ச அரிசி உருண்டைக்கு எதுக்கு டேப்பு?

பஷீரா: குப்பை லாரிக்காரன் எடுத்துத் தின்னுட்டான்னா? தேத்தண்ணியைக் குடி, ஆறிடும்.

மோகனா: அக்கா...

பஷீரா: என்ன?

மோகனா: உங்க அலமாரி இரும்பு.

பஷீரா: ஆமா. கல்யாணத்துக்கு எங்க அத்தா வாங்கிக் குடுத்தது.

மோகனா: இரும்புல கரையான் ஏறுமா?

பஷீரா: ...மலாக்கா கரையான் ஏறும்.

மோகனா: பஷீராக்கா, உள்ள வந்ததுலேர்ந்து பாக்குறேன். உங்க வீட்டு வாசமே மாறிக் கிடக்குது. எப்பவும் உள் ரூமைத் தாண்டினா ஒரு நெடி இருக்கும், மூக்குக்குள்ள குளிரா ஏறும். இப்ப எங்க திரும்பினாலும் லவங்க வாசம்.

பஷீரா: லவங்கம் போட்டாலும் துணிக்குப் பூச்சி வராதாம். கைலியெல்லாம் பிரியாணி வாசம் அடிக்குதுன்னு அவரு வேற...

மோகனா: உங்களுக்கு யாரு சொன்னது?

பஷீரா: லவங்கமா? ரேடியோவுல—

மோகனா: லவங்கம் இல்ல. பூச்சி உருண்டையை எடுத்துடணும்னு யாரு சொன்னது? நான் சொல்லலை. அவரும் சொல்லலை, உங்க வீட்டுல உருண்டை இருந்தது அவருக்கே தெரியாது. அண்ணிக்கும் தெரியாது.

பஷீரா: அப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாரியம்மன், முருகன்னு எல்லாரையும் கூப்பிட்டியா?

மோகனா: நீங்க தாங்க மாட்டீங்கக்கா. அஃப்னானை ரெண்டு அடி அடிச்சதுக்கே இன்னும் வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கீங்க. இதைப் போயி எப்படிச் சொல்றது? உங்க மனசு நோகாம அந்த அலமாரிகிட்டேர்ந்து புள்ளையைத் தள்ளி வச்சாப் போதும்னுதான் சீலையைத் தூக்கிட்டு வந்தேன். அந்த டாக்டருக்கு மூக்கு ரொம்ப நீளம். சாயங்காலம் வந்தாரு, நேரா, 'துணி வைக்கிற அலமாரியைப் பாருங்க, வெள்ளை உருண்டை கிடக்கும், அதான்'ன்னாரு. எங்க வீட்டு அலமாரியில அதெல்லாம் வாங்கிப் போட்டதே இல்ல. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா ஆஸ்பத்திரியில உக்காந்துக்கிட்டு அவருக்கு எப்படி அலமாரி தெரிஞ்சதுன்னு மட்டும்தான் புரியல.

பஷீரா: மூக்கு இல்ல. காது.

மோகனா: என்னது?

பஷீரா: நான் கஞ்சி கொண்டு வந்தேனே, நீ குளிக்கப் போயிருந்த. கண்ணாடி போட்ட அந்தச் சீன டாக்டர் வந்தாரு. 'மக்சிக், பகல்ல புள்ளையை யாரு ஜாகா பண்றது'ன்னாரு. நான்தான்னேன். 'வீட்டுல கபூர் பாரூஸ் இருக்கா'ன்னாரு. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா... நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன், 'நாங்க முஸ்லிம் டாக்டர், எங்க வீட்டுல கற்பூரமே கொளுத்த மாட்டோம்'ன்னு.

மோகனா: அதுக்கு?

பஷீரா: சிரிச்சிட்டாரு. 'கொளுத்துறது இல்ல மக்சிக், துணிக்கு நடுவுல போடுறது, பூச்சி வராம இருக்க'ன்னாரு. அந்த உருண்டையை நாங்க கடையில உபாட் கெகாட், கரப்பான் மருந்துன்னுதான் கேட்டு வாங்குவோம். மலாய்ல கற்பூரத்துக்கும் அந்த உருண்டைக்கும் கபூர் பாரூஸ்னு ஒரே பேருதான்னு எனக்குத் தெரியாமலா? ஆனா நீ தமிழ்ல கற்பூரம் கற்பூரம்னு சொல்லிச் சொல்லி, என் காதுல அது உங்க சாமித் தட்டுலயே உக்காந்துடுச்சு.

மோகனா: நான் எங்கக்கா சொன்னேன்? கவி பொறந்தப்ப நர்ஸ் மலாய்ல சொன்னாங்க, கபூர் பாரூஸைத் துணியோட வைக்காதீங்கன்னு. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான் அரை மயக்கத்துல கிடக்குறேன். அண்ணிதான் தமிழ்ல எடுத்துச் சொன்னாங்க, 'கற்பூரத்தைத் துணியோட வைக்கக் கூடாதாம்'ன்னு.

பஷீரா: கற்பூரத்தை யாரு துணியோட வைப்பா?

மோகனா: அதையேதான் நானும் கேட்டேன். 'சாமி கும்பிடுற இடத்துல புள்ள துணியைக் காயப் போடாதேன்னு அர்த்தம், எதுக்கு வம்பு, கற்பூரமே வேணாம்'ன்னு முடிச்சிட்டாங்க. அன்னைக்கு நிறுத்தினது. வெறும் விளக்குதான். கற்பூரமும் புள்ள மூக்குகிட்ட வேணாம்னுதான் டாக்டர் இப்பவும் சொல்றாரு. ஆனா இவனைப் படுக்க வச்சது அது இல்ல.

பஷீரா: இப்ப பவானேஸ்வரி என்ன சொல்லுது?

மோகனா: 'நான் சரியாத்தான் சொன்னேன், நீதான் சரியாக் கேக்கலை.'

பஷீரா: பாரேன்.

மோகனா: அவங்ககிட்ட 'நீங்க தப்பா சொல்லிட்டீங்க'ன்னு சொல்ல மெர்லிமாவ்ல யாருக்கு வாய் இருக்கு?

பஷீரா: தப்பு வார்த்தையில இருக்கட்டும் மோகனா. கட்டினது நான். பழைய தொட்டில் துணி கிழிஞ்சு போச்சு. அலமாரியத் தொறந்து புதுக் கைலியை எடுத்தேன். ரோஸ் கலரு, பூப் போட்டது. ராஜா மாதிரி தூங்கட்டும்னு மடிப்புக் கூடக் கலையாம அப்படியே கட்டினேன். ஒரு தண்ணி அலசியிருந்தா... ஒரு நாளு வெயில்ல போட்டிருந்தா... நெடி கொஞ்சம் தூக்கலாத்தான் இருந்துச்சு. புதுத்துணி வாசம்னு நெனச்சேன்.

மோகனா: ஆசையாக் கட்டினதுதானே.

பஷீரா: அது முழுக்க அவன் மூஞ்சிய மூடி ஆடிக்கிட்டு இருந்துச்சு. நான் பக்கத்துல உக்காந்து ஆட்டி விட்டேன்.

மோகனா: போதும்க்கா.

பஷீரா: போதாது. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் நானே சொன்னேன். அலமாரி, கைலி, உருண்டை. உன்கிட்ட சொல்லத்தான் வாய் வரலை. நீ குளிச்சிட்டு வந்து, ஈரத் தலையோட, 'அக்கா, நீங்க இல்லைன்னா என் புள்ள இல்ல'ன்னு என் கையப் பிடிச்ச. நான் கஞ்சியை ஊத்திக் குடுத்துட்டு வந்துட்டேன்.

மோகனா: நானும்தான் சொல்லலை. கணக்கு சரியாப் போச்சு.

பஷீரா: சரியாப் போகலை. உங்க வீட்டுல உன்னைத்தான் எல்லாரும் வாயில போட்டு மெல்லுறாங்களாமே? அதையும் சேகரன் தம்பிதான் சொல்லுச்சு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. அசர் தொழுதுட்டு அவரு வேனை எடுத்துட்டு வருவாரு. நான் முக்காடைக் கூட மாத்தி வச்சிட்டேன். நேரா மெர்லிமாவ் போறோம்.

மோகனா: எதுக்கு?

பஷீரா: உங்க அண்ணி முன்னால நின்னு, நடந்தது இதுதான், செஞ்சது நான்தான்னு சொல்லப் போறேன். அது திட்டட்டும். புள்ளையை இனிமே இங்க விட வேணாம்னா விட வேணாம். தொட்டிலைக் கழட்டி வச்சிடுறேன்.

மோகனா: வேணாம்.

பஷீரா: ஏன் வேணாம்? நீ யாருக்காகப் பேச்சு வாங்கணும்?

மோகனா: போகாதீங்கக்கா. நீங்க போயிச் சொன்னா எல்லாம் கெட்டுடும்.

பஷீரா: உண்மையைச் சொன்னா எப்படிக் கெடும்? எனக்குப் புரியல. முதல்ல அந்தக் கையக் காட்டு. கஞ்சியும் இல்ல, அயர்ன் பெட்டியும் இல்ல. அந்தத் துணிய அவுரு... யா அல்லா. நட்ட நடுவுல வட்டமா வெந்திருக்கு. யாரு செஞ்சது? சேகரன் தம்பியா?

மோகனா: சீச்சீ. அவரு பாவம், மருந்து போட்டு விட்டதே அவருதான்.

பஷீரா: பின்ன?

மோகனா: அண்ணி முதல்ல உங்க வீட்டைத்தான் சொன்னாங்கக்கா. 'உருண்டை அங்கதான் இருந்திருக்கும், பெட்டியைக் கட்டு, புள்ள என்கூட வரட்டும்'ன்னாங்க. இல்ல, நான்தான் வாங்கி அவன் துணியில போட்டேன், பாயம்மா வீட்டுல அதெல்லாம் கிடையவே கிடையாதுன்னேன். நம்பலை. மெர்லிமாவ் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, தட்டுல கற்பூரத்தைக் கொளுத்தி, 'அப்படின்னா அடிச்சு சத்தியம் பண்ணு'ன்னாங்க... பண்ணிட்டேன். அங்கயே நின்னு நல்லாத் திட்டித் தீத்துட்டு, 'புத்தி கெட்டவளே, உன் வீட்டை விட அந்தக் கற்பூரம் இல்லாத வீடுதான் புள்ளைக்குப் பத்திரம், அங்கயே விடு'ன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. இந்தாங்க, பிடிங்க இவனை. தோளு விட்டுப் போச்சு. தொட்டில்ல போடுங்க.